சூரியக் கடிகாரத்துக்கு எதிரே ஒரு வீடு

ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில், வேலன் என்றொரு ஊர். எழுத்தில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் வருவது நம் முருகன் பெயர்தான். பெர்ன்காஸ்டலிலிருந்து வரும் பேருந்தில் அந்த நிறுத்தத்தின் பெயரை முதன்முதலில் கேட்டபோது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறங்கி ஆற்றோரம் வந்தால் அக்கரையில் சுவர் மாதிரி ஒரு மலை, அடிவாரம் முதல் மேலே வரை திராட்சைக் கொடி. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அன்றைக்கு அவளை நினைத்துக்கொண்டேன்.

அந்த மலைச்சரிவின் பச்சைக்கு நடுவே வெள்ளையாக ஒன்று தெரியும். சூரியக் கடிகாரம். 1842இல் யோடோகுஸ் ப்ரூம் என்பவர் கட்டியது. தோட்ட வேலைக்காரர்கள் கையில் கடிகாரம் இல்லாத காலம் அது. எப்போது சாப்பிட உட்காரலாம், எப்போது மலையை விட்டு இறங்கலாம் என்பதைத் தலையைத் திருப்பினாலே தெரிந்துகொள்ளட்டும் என்று பாறையில் பதித்து வைத்தார். இன்று அந்தச் சரிவுக்கே அதுதான் பெயர்: வேலனின் சூரியக் கடிகாரம். பாட்டில் சீட்டில் அச்சாவதும் அதுவே.

அதே ப்ரூம் வம்சத்தில் வந்த ஒரு குடும்பம், அந்தச் சரிவுக்கு நேர் எதிரே, இக்கரையில், ஆற்றைப் பார்த்த வீட்டிலிருந்து இன்றும் ஒயின் செய்கிறது. பண்ணையின் பெயர் யோஹான் யோசஃப் ப்ரூம். சன்னலைத் திறந்தால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் சொந்தத் தோட்டம். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் அவர்கள் செய்யும் இனிப்பு ஒயினைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என்னை எழுதவைத்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுந்த ஒரு கேள்வி.

முதல் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபோது என் மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டாள்:

"என்னங்க, இதுல சீனி போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி இனிக்குது?"

பதில் எனக்கு அன்று சரியாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் நடந்தே மோசலின் வரலாறு முழுவதையும் சுற்றி வந்துவிடலாம் என்பதும் தெரியாது.

முதலில் நேரான பதில். திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றுகிறது. கடைசி வரை தின்னவிட்டால் இனிப்பே மிஞ்சாது. மோசலில் அறுவடை அக்டோபரில்; சாறு பீப்பாய்க்குள் போய்ச் சில வாரங்களில் குளிர் இறங்கிவிடும். நிலவறை குளிரக் குளிர ஈஸ்ட் சோர்ந்து, பாதி வேலையில் நின்றுவிடும். பழைய காலத்தில் இது தானாக நடந்தது. இப்போது ருசி பார்த்துக்கொண்டே இருந்து, இதுதான் இடம் என்று தோன்றும் நேரத்தில் சாற்றைக் குளிரவைத்து, கொஞ்சம் கந்தகம் சேர்த்து நிறுத்துகிறார்கள். அதனால்தான் இந்த ஒயினில் சாராயம் 8 சதவீத அளவிலேயே நின்றுவிடுகிறது. சாதாரண ஒயினில் 12, 13 இருக்கும். மிச்சம் இருக்கும் இனிப்பு அந்தப் பழத்தின் சொந்த இனிப்பு. யாரும் கொட்டியது இல்லை.

ஆனால் இனிப்பு என்று மட்டும் சொன்னால் இந்த ஒயினுக்குப் பாதி அநியாயம் செய்தவனாவேன். ஷ்பேட்லேசே என்பது இந்த ஒயினில் ஒரு தரம்; அதில் ஒரு லிட்டருக்கு 70, 80 கிராம் சர்க்கரை இருக்கலாம். கோலாவில் ஏறக்குறைய 100 கிராம். கோலா குடித்தால் நாக்கில் பிசுபிசுப்பு நிற்கும். இதைக் குடித்தால் வாய் கழுவி விட்டதுபோல் ஆகிவிடும். காரணம் புளிப்பு. சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்லம் மட்டும் இருந்தால் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்குமா? மாங்காய் இருப்பதால்தானே மறுபடியும் கை நீள்கிறது. ரீஸ்லிங்கில் அந்த மாங்காய் வேலையைச் செய்வது பழத்தின் அமிலம். இந்த வடக்குக் கோடியில், 50 பாகை அட்சரேகைக்குப் பக்கத்தில், பழம் மெதுவாக, மிக மெதுவாகப் பழுக்கிறது. இனிப்பு ஏறும்போது புளிப்பு ஓடிவிடாமல் கூடவே நிற்கிறது.

இவ்வளவு வடக்கே திராட்சை பழுப்பதே பெரிய காரியம். அதை அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

ஒரு ஜூன் மாதம் பாலத்தைக் கடந்து அக்கரை போய், தோட்டங்களுக்கு நடுவே ஏறினேன். சில இடங்களில் சரிவு 70 சதவீதம். பத்தடி முன்னே போனால் ஏழடி மேலே போயிருப்போம். காலடியில் மண்ணே கிடையாது. முழுக்க நீலச் சாம்பல் நிறத்தில் சிலேட்டுத் துண்டுகள். ஒன்றாம் வகுப்பில் குச்சியால் எழுதினோமே, அதே சிலேட்டு. கால் வைக்கும்போதெல்லாம் ஓடு உடைகிற மாதிரி சலசலவென்று சரிந்தது. டெவோனியக் காலத்துப் பாறை; வயது 40 கோடி ஆண்டுப் பக்கம். ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். காலை பதினோரு மணிக்கே தோசைக்கல் சூடாவதுபோல் சூடாகியிருந்தது. பகலில் வாங்கிய வெயிலை இந்தக் கல் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கீழே ஆறு வேறு, வெயிலை மேலே அடித்து அனுப்புகிறது. தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவு என்பதால் சாயங்கால வெயிலும் கடைசி வரை விழுகிறது.

ஒவ்வொரு கொடியும் ஒரு தனிக் கம்பத்தில். இரண்டு கிளைகளை வளைத்துக் கீழே கொண்டுவந்து கட்டியிருந்தார்கள்; பார்க்க இதயம் வரைந்த மாதிரி இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சிக்கு இந்தச் சிலேட்டில் எளிதாகப் பரவ முடியவில்லை. அதனால் மற்ற நாடுகளில் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டு வளர்க்கும் காலத்தில், இங்கே சொந்த வேரில் நிற்கும் பழைய கொடிகள் இன்னும் நிறைய. ப்ரூம் குடும்பத்தின் தோட்டத்திலும் அப்படித்தான். இயந்திரம் ஏற வழியில்லாத இடம். கத்தரிப்பது, கட்டுவது, பறிப்பது எல்லாம் கையால்தான்.

கடிகாரத்தின் முன்னால் போய் நின்றேன். நிழல் பன்னிரண்டில் இருந்தது. என் கைக்கடிகாரத்தில் ஒன்றரை. கோடைக்கால நேரம் ஒரு மணி. ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் மீதி அரை மணி. வேலையாட்கள் இந்த நிழலைப் பார்த்துத்தான் ரொட்டியைப் பிரித்திருப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டேன்.

1842 என்ற வருடத்தை அங்கே வைத்துத்தான் யோசித்தேன். அந்தக் குளிர்காலத்தில், இங்கிருந்து ஒரு நாள் நடையில் இருக்கும் ட்ரியர் நகரத்தில் பிறந்த ஓர் இளைஞர், கொலோன் நகரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தார். கார்ல் மார்க்ஸ். மோசல் திராட்சை விவசாயிகள் படும் பாட்டைப் பற்றி 1843 ஜனவரியில் தொடராக எழுதினார். பிரஷ்ய ஆட்சியில் முதலில் இந்த ஒயினுக்கு நல்ல சந்தை இருந்தது. 1834இல் ஜெர்மன் அரசுகளுக்கு இடையே சுங்க ஒன்றியம் வந்ததும் தெற்கிலிருந்து மலிவான ஒயின் தடையின்றி வந்து இறங்கியது. இங்கே கடன், ஏலம், ஊரை விட்டுப் போவது. அரசு காது கொடுக்கவில்லை என்று மார்க்ஸ் எழுதினார். அந்த வசந்தத்திலேயே பத்திரிகையை மூடவைத்தார்கள். பொருளாதாரம் படிக்கத் தன்னைத் தள்ளிய விஷயங்களில் மோசல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று பிற்பாடு அவரே எழுதினார். மார்க்ஸின் அப்பாவுக்கே பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது.

இந்த இடத்தில் சீனி வருகிறது. குளிர்ந்த வருடங்களில் பழம் பழுக்காது. சாறு எலுமிச்சை மாதிரிப் புளிக்கும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். ட்ரியரைச் சேர்ந்த லுட்விக் கால் என்பவர், நொதிக்கும் முன் சாற்றில் சர்க்கரைத் தண்ணீர் சேர்த்தால் ஏழை விவசாயி பிழைப்பான் என்று ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார் என்றுதான் நான் நினைக்கிறேன். பட்டினி கிடப்பவனிடம் தூய்மை பற்றிப் பேசுவது எளிது இல்லை. ஆனால் முறை பரவியதும் வியாபாரிகள் அளவில்லாமல் கலக்க ஆரம்பித்தார்கள். அப்போது நல்ல தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து, சர்க்கரை சேர்க்காத ஒயினை மட்டும் ஏலத்துக்குக் கொண்டுவருவோம் என்று சங்கம் வைத்தார்கள். மோசல் பக்கத்தில் 1908இல் தொடங்கிய அப்படிப்பட்ட சங்கம், ட்ரியரில் இன்றும் வருடந்தோறும் ஏலம் நடத்துகிறது. "சீனி போட்டிருக்காங்களா?" என்று என் மனைவி கேட்டது நூறு வருடத்துக்கு மேல் பழைய சண்டை.

ப்ரூம் குடும்பத்தின் கதையும் கிட்டத்தட்ட அதே காலத்தில் திரும்புகிறது. 1911இல் பாகப்பிரிவினை. ரைன் நதிக்கு இந்தப் பக்கம் நெப்போலியன் காலத்துச் சட்டம்: பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. நம் ஊர் வயல் வரப்புகள்போல, இங்கே தோட்டங்கள் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக்கொண்டே போயின. ஒரே சரிவில் பல குடும்பங்களுக்குச் சின்னச் சின்னப் பங்கு இருப்பதும், ப்ரூம் என்ற பெயரில் வேலனில் வேறு பண்ணைகள் இருப்பதும் அதனால்தான். யோஹான் யோசஃப் தன் பங்கில் தொடங்கியதே இந்தப் பண்ணை. அதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவர் அவர் மகன் செபாஸ்டியான். 1969இல் செபாஸ்டியான் மறைந்ததும் அவர் மகன் மன்ஃப்ரெட் பொறுப்பேற்றார். 2003 முதல் மன்ஃப்ரெட்டின் மகள் கத்தரீனாவும் வந்துவிட்டார். அப்பா, மகள் இருவரும் சட்டத்தில் முனைவர்கள். மொத்த நிலம் ஐம்பது ஏக்கர் சொச்சம். முழுக்க ரீஸ்லிங், வேறு கொடி கிடையாது.

பாட்டில் சீட்டில் இருக்கும் தரவரிசைப் பெயர்கள் புதிதாக வருபவர்களைப் பயமுறுத்தும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபெர்டினண்ட் எக்ஸ்லே என்று ஒரு பொற்கொல்லர், சாற்றின் அடர்த்தியை அளக்க ஒரு மிதவை செய்தார். ஒரு லிட்டர் சாறு, ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் கனமோ அத்தனை எக்ஸ்லே. அந்த எண் ஏற ஏற கபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று பெயர் மாறும். உச்சியில் இருப்பது ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசே. காய்ந்து சுருங்கிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது என்று அர்த்தம். அதற்கு 150 எக்ஸ்லே வேண்டும். இந்த வரிசையில் எந்தப் படியிலும் சாற்றில் சர்க்கரை சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ப்ரூம் வீட்டில் தனியாகப் பொறுக்கிய அவுஸ்லேசேக்குப் பாட்டில் கழுத்தில் தங்க நிறத் தொப்பி போடுவார்கள். அதிலும் சிறந்ததற்கு நீளமான தங்கத் தொப்பி.

மணி மணியாகப் பொறுக்குவது எப்படி என்று ஓர் அக்டோபரில் கற்றுக்கொண்டேன். ப்ரூம் தோட்டத்தில் அல்ல. சில ஊர் தள்ளி, தெரிந்தவர் மூலம், ஒரு சின்னக் குடும்பத்தின் தோட்டத்தில் இரண்டு நாள் கைவேலைக்குப் போனேன். காலையில் பள்ளத்தாக்கு முழுக்க ஆற்று மூடுபனி. பக்கத்தில் இருப்பவரின் முதுகுகூடத் தெரியாது. பத்து மணிக்கு மேல் வெயில் வந்து பனியை உறிஞ்சும். அந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வருவதுதான் ஒரு பூஞ்சைக்கு வேண்டும். அது மணியின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடுகிறது, தண்ணீர் ஆவியாகிறது, இனிப்பும் புளிப்பும் உள்ளே குறுகித் தங்குகின்றன. ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல், இரண்டு வாளி. பெரியதில் நல்ல குலை. சின்னதில் பூஞ்சை பிடித்துச் சுருங்கியது.

ஒரு குலையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பாதி மஞ்சள் பச்சை, கண்ணாடி மாதிரி. மறு பாதி ஊதாவும் காவியுமாக, சுருங்கி, மேலே சாம்பல் தூவியதுபோல். பார்க்க அழுகல்தான். ஒரு மணியை வாயில் போட்டேன். கிஸ்மிஸும் தேனும் சேர்ந்த ருசி, அடியில் காளான் வாசம், எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் புளிப்பு. உற்சாகத்தில் அப்படித் தெரிந்த குலைகளையெல்லாம் சின்ன வாளியில் போட்டேன். அந்த வீட்டுப் பாட்டி, எண்பது வயது இருக்கும், என் வாளிக்குள் குனிந்து முகர்ந்தார். ஒரு குலையை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். காடி வாசம். "இது வேற அழுகல். மோந்து பாக்காம எதையும் போடாதப்பா" என்கிற மாதிரி மெதுவாகச் சொல்லிவிட்டு அதைத் தரையில் எறிந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு குலையையும் முகர்ந்துதான் போட்டேன். மாலையில் என் பெரிய வாளி எத்தனை முறை நிரம்பியது என்று எண்ணவில்லை. சின்ன வாளி ஒரு நாள் முழுக்க அடியை மறைக்கும் அளவுக்கு மேல் ஏறவில்லை.

அடுத்து காத்திருப்பு. ப்ரூம் ஒயினை வாங்கிய உடனே திறந்தவர்கள் பலர் ஏமாந்துபோவார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல் தானாக நொதிக்கவிடும் வீடு அது. இளம் வயதில் பாட்டிலிலிருந்து தீக்குச்சி உரசிய வாசம் வரும். அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. இருக்க விட வேண்டும். கபினெட்டுக்கே சில வருடம். அவுஸ்லேசே என்றால் இருபது வருடம்கூட அதிகம் இல்லை. வயது ஏறும்போது கந்தகம் போய்ப் பீச் பழமும் மூலிகையும் வரும். இன்னும் ஏறினால் லேசாக ஒரு மண்ணெண்ணெய் வாசம். அந்த வாசத்துக்கு ரசாயனப் பெயரே இருக்கிறது. வெயில் நிறையப் பட்ட பழத்தில் கூடுதலாக வரும். எனக்கு அது சின்ன வயதில் எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கு. பலருக்குப் பிடிக்காது என்று தெரியும், எனக்குப் பிடிக்கிறது.

தேறல் என்று நம் பழைய சொல் ஒன்று உண்டே. தெளிந்தது என்ற பொருளில். ஒயின் என்று எழுதிக்கொண்டிருந்தாலும் இருபது வருடம் இருட்டில் கிடந்து தெளிந்த இதற்குத் தேறல் என்ற பெயர்தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை உலகம் கொஞ்ச காலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை. 1971இல் வந்த ஒயின் சட்டம், பேர்போன ஊர்களின் பெயரைச் சமவெளியில் விளைந்த சாதாரண ஒயினுக்கும் ஒட்டிக்கொள்ள வழிவிட்டது. லீப்ஃப்ரௌமில்ஷ் என்ற பெயரில் மலிவான இனிப்பு ஒயின் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனது. 1985இல் ஆஸ்திரியாவில் சிலர் ஒயினில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்தது வெளியே வந்தபோது, ஜெர்மனியில் அடைத்த சில பாட்டில்களிலும் அது இருந்தது. அதோடு இனிப்பு ஒயின் என்றாலே மட்டம் என்று ஆகிவிட்டது. ஜெர்மானியர்களே இனிப்பில்லாததைத்தான் கேட்டார்கள். பல பண்ணைகள் மாறின. ப்ரூம் குடும்பம் மாறவில்லை. அதே இனிப்பு, அதே பழைய பாணிச் சீட்டு. இதே மோசல் பகுதியின் கிளையாறான சாரில், இன்னொரு குடும்பப் பண்ணையான ஏகோன் முல்லரின் 2003 ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசே 2015 ட்ரியர் ஏலத்தில் பாட்டில் 12,000 யூரோவுக்குப் போனது. அந்தப் பணம் எனக்குப் புரியாத உலகம். ஆனால் செங்குத்து மலையை விட்டு இறங்காமல் இருக்க ஒரு குடும்பத்துக்கு ஏதோ ஒரு நம்பிக்கை வேண்டுமே.

இப்போது வேறு கவலை. உறைபனியில் பறிக்கும் ஐஸ்வைன் என்று ஒரு வகை உண்டு; பழம் கொடியிலேயே மைனஸ் 7 டிகிரியில் உறைய வேண்டும். 2019 அறுவடைப் பருவத்தில், வரலாற்றில் முதல்முறையாக, ஜெர்மனியின் எந்தப் பகுதியிலும் அந்தக் குளிர் வரவில்லை. ஐஸ்வைனே இல்லை. ஒரு காலத்தில் பழம் பழுக்காதா என்று ஏங்கிய மலையில், இன்று சீக்கிரம் பழுத்துவிடுகிறதே என்கிறார்கள். இனிப்புக்கு இனிப் பஞ்சமில்லை. புளிப்பு நிற்குமா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் கபினெட்டை மீன் குழம்போடு குடிக்கிறோம். புளியும் மிளகாயும் கூடிய சாப்பாட்டுக்கு, சாராயம் குறைந்து துளி இனிப்பு இருக்கும் இது மாதிரி பொருந்துவது வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. சிவப்பு ஒயின் மிளகாயோடு சேர்ந்தால் வாய் எரியும். இது காரத்தை அணைத்து, அடுத்த கவளத்துக்கு இடம் பண்ணிவிடும்.

போன ஜூனில் மனைவியையும் வேலனுக்குக் கூட்டிப்போனேன். ஆற்றோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. அட்டையில் அந்தச் சரிவின் 2001 ஷ்பேட்லேசே இருந்தது. விலையை யோசித்துவிட்டு, சரி என்றேன். நல்ல பொன்னிறம். அவள் முகர்ந்தாள், ஒரு மிடறு குடித்தாள், கிளாஸைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீனியைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"இதுல உப்பு இருக்குங்க" என்றாள்.

நானும் குடித்துப் பார்த்தேன். இருந்தது. இனிப்பு முழுக்க இறங்கிப்போன பிறகு நாக்கின் ஓரத்தில், மெல்லியதாக, கல்லை நக்கிய மாதிரி. இத்தனை வருடம் குடித்தும் நான் அதைக் கவனித்ததில்லை. என் கைக்கடிகாரத்தில் ஏழரை ஆகியிருந்தது. அப்படியென்றால் அக்கரைக் கடிகாரத்தில் ஆறு. வெயில் இன்னும் அந்தச் சரிவில்தான் இருந்தது.